ஐஸ் டிரம்முக்கு முன்னால் ஒரு வாளி

லீவுக்கு ஊருக்கு வந்த அக்கா மகன் பையை இறக்கி வைத்த கையோடு கேட்டான்: "மாமா, இருநூறு லிட்டர் டிரம் எங்க கிடைக்கும்? ஐஸ் பாத் எடுக்கணும்." பெங்களூரில் அவன் போகிற ஜிம்மில் இப்போது இதுதான் பேச்சாம். என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செங்கோட்டையில இருந்துக்கிட்டு ஐஸ் வாங்கப் போறானாம். குத்தாலம் எங்க ஓடியா போச்சு?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்னால் இதே நீல டிரம்மை வாங்கி, முப்பது கிலோ ஐஸைப் போட்டு, அதில் உட்கார்ந்து எழுந்து, ஸ்கூட்டரைக் கொண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவரில் விட்டவன் நான். அது பின்னால் வருகிறது.

அந்தப் பையனுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மோட்டார் காயில் கட்டுகிறவன். பதினைந்து வருடம் கார்த்திகையில் மாலை போட்டு விடியக்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்த பழக்கமும், டிரம் சம்பவத்துக்கு அப்புறம் ஒழுங்காக உட்கார்ந்து படித்ததும்தான் என் கையிருப்பு.

உங்களுக்கு இது ஆகுமா?

பொதுவாக இந்த எச்சரிக்கையைக் கட்டுரையின் கடைசியில் போடுவார்கள். கடைசி வரை யார் படிக்கிறார்கள்? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதய நோய் இருப்பவர்கள், நெஞ்சு படபடத்துத் துடிப்பு தாறுமாறாகும் தொந்தரவு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான். குளிருக்கு உடம்பு தருகிற பதிலைச் சில மாத்திரைகள் மாற்றிவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர் பட்டால் மூச்சுக்குழாய் இறுகலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் குளிர் எவ்வளவு ஏறுகிறது என்பதே தெரியாது. குளிரில் விரல் நுனி வெள்ளையாகி, நீலமாகி, வலித்துச் சிவக்கிற ஆட்களும் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

சிலருக்குக் குளிரே ஒவ்வாமை. தண்ணீர் பட்ட இடமெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கும். மொத்த உடம்பும் நனைந்தால் மயக்கம் வரை போகலாம். மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை செய்வார்கள்: ஒரு ஐஸ் கட்டியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து, எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பது. ஐஸ் இருந்த இடம் கொசுக்கடி மாதிரி தடித்து எழும்பினால் தோல் மருத்துவரைப் பாருங்கள், டிரம்மை மறந்துவிடுங்கள்.

காய்ச்சல் இருக்கிற நாளில் வேண்டாம். குடித்துவிட்டு அறவே வேண்டாம். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் ஒரு பகுதிக்கு இது காதில் ஏறுவதில்லை. மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடுவதால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. ஆனால் குடித்தவருக்கோ குளிரே தெரியாது.

தண்ணீர் பட்டதும் உள்ளே நடப்பது

குளிர்ந்த தண்ணீர் முதுகில் விழுந்ததும் 'ஹக்' என்று மூச்சு உள்ளே போகிறதே, அதை நீங்கள் இழுப்பதில்லை; அதுவாகப் போகிறது. தோலில் இருக்கிற நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. தலைவலித் தைலத்தில் இருக்கிற மென்தால் பட்டாலும் அதே புரதம்தான் விழித்துக்கொள்கிறது. தைலம் தடவினால் ஜில்லென்று இருப்பது அதனால்தான். தோல் குளிர்வதே இல்லை, குளிர்ந்ததாக மூளைக்குச் சேதி மட்டும் போகிறது. வெப்பத்தையும் தொடுகையையும் உடம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2021இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததிலும் பங்கு உண்டு.

சேதி போனதும் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. மூச்சு திணறி வேகமாகிறது. இதயம் படபடக்கிறது. தோலில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உள்ளுறுப்புகளின் பக்கம் தள்ளப்பட்டு, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். குளிர்ந்த ஆற்றில் தவறி விழுகிறவர்களில் பலர் உடம்பு விறைத்துச் சாவதில்லை. அந்த முதல் நிமிடத்தில் அடக்க முடியாமல் இழுத்த மூச்சில் தண்ணீர் உள்ளே போய்த்தான் சாகிறார்கள்.

அவருடைய ஆய்வுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நிமிட முங்கல்கள் ஐந்தாறு தடவை ஆனாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிறது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தாலும் அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் உடம்பில் மிச்சமிருக்கிறது. மாலை போட்ட முதல் மூன்று நாள் நடுங்குகிற சாமிகள் ஒரு வாரத்தில் பல்லைக் கடிக்காமல் குளிப்பதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். மனவலிமை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நரம்பு பழகுவதுதான் அதில் பெரும்பங்கு என்று இப்போது தெரிகிறது.

அப்புறம் அந்த உற்சாகம். குளிரில் நார்அட்ரினலின் என்ற சுரப்பு கூடுகிறது. குளித்து வந்ததும் கண் பளிச்சென்று திறந்து, உலகம் கொஞ்சம் துலக்கமாகத் தெரிவதில் அதற்குப் பங்கு உண்டு. நார்அட்ரினலின் 530 சதவீதம், டோபமின் 250 சதவீதம் கூடியது என்று வீடியோக்களில் சொல்வது செக் நாட்டில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த இளைஞர்கள் 14 டிகிரித் தண்ணீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிமிடம் டிரம்மில் இருந்துவிட்டு அந்த எண்ணைச் சொல்லிக்கொள்வது, சாரலில் நனைந்துவிட்டு ஐந்தருவியில் குளித்ததாகச் சொல்வது போல.

எதை எதிர்பார்க்கலாம், எதை வேண்டாம்

நெதர்லாந்தில் மூவாயிரத்துக்குச் சற்று அதிகமான பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழக்கமான வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 நொடி குளிர்ந்த நீர், முப்பது நாள். அப்படிச் செய்தவர்கள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டது மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைவு. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை! காய்ச்சலும் சளியும் வரத்தான் செய்தன. வேலைக்குப் போகிற தெம்பு இருந்தது, அவ்வளவுதான். இன்னொன்று, 30 நொடிக்காரர்களுக்கும் 90 நொடிக்காரர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தகவலை எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2025இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 11 ஆய்வுகளை, 3177 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மன அழுத்தம் குறைந்தது குளித்த உடனே அல்ல, 12 மணி நேரத்துக்குப் பிறகு அளந்தபோதுதான். குளித்த கையோடு பார்த்தால் உடம்பில் அழற்சி கூடித்தான் இருந்தது. இது கெடுதல் என்று பொருள் இல்லை. குளிர் என்பது உடம்புக்கு ஒரு சின்ன அடி; அதிலிருந்து மீள்வதில்தான் பலன் வருகிறது. அந்த அடியையே தாங்க முடியாத நிலையில் இருப்பவர் வாங்கிக்கொள்ளக் கூடாது என்றும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எடை குறையுமா? பெரியவர்கள் உடம்பிலும் சூடு உண்டாக்குகிற பழுப்புக் கொழுப்பு வேலை செய்கிறது என்று 2009இல் உறுதியானது உண்மை. குளிர் அதைத் தூண்டுவதும் உண்மை. ஆனால் குளிர்ந்த நீரில் ஊறி எழுந்தால் வருகிற பசி இருக்கிறதே! அருவியில் குளித்துவிட்டு பிரானூர் பார்டரில் நான்கு புரோட்டாவும் நாட்டுக்கோழிச் சாறும் சாப்பிடாமல் திரும்பி வந்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள், அப்புறம் எடையைப் பற்றிப் பேசலாம்.

மனச்சோர்வுக்கு இதை மருந்தாக நினைத்து, சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நம் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி?

வெளிநாட்டுக் குறிப்புகளில் வருகிற தண்ணீர் 10 முதல் 15 டிகிரி. நம்மிடம் அது இல்லை. நிலத்தடி நீரின் வெப்பம் அந்த ஊர்க் காற்றின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். இந்தப் பக்கம் கிணற்று நீரும் போர் நீரும் 26, 27 டிகிரியைச் சுற்றி நிற்பது அதனால்தான். மார்கழியில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் ஜில்லென்றும் தோன்றுவது நம் தோல் செய்கிற வேலை, கிணறு மாறுவதில்லை. மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியோ மதியத்தில் கை வைக்க முடியாத சூடு, விடியற்காலையில் பரவாயில்லை.

குளிர் அதிர்ச்சி சுமார் 25 டிகிரிக்குக் கீழேதான் தொடங்குகிறது. அப்படியானால் பச்சைத் தண்ணீரில் பலன் இல்லையா? தொடக்கத்துக்கு அதுதான் சரியான தண்ணீர். தினமும் வெந்நீரில் குளிக்கிற உடம்புக்கு 24 டிகிரியே போதுமான அதட்டல். முழு இரவும் திறந்த அண்டாவில் மாடியில் வைத்த தண்ணீர், கார்த்திகை விடியலில் அந்த அளவுக்கு வந்துவிடும். மண்பானையும் உதவும். ஆனால் சாரல் காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. பங்குனியில்தான் அதன் சாமர்த்தியம் தெரியும். இருநூறு ரூபாய்க்குள் ஒரு தண்ணீர் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைப்பதே போதும்.

மூணாறு பக்கம் தேயிலைத் தோட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்லில் உறைபனி பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே குழாயைத் திறந்தாலே டிரம் கணக்கு. அவர்கள் வெந்நீரில் தொடங்கி, கடைசி பத்து நொடியில் ஆரம்பிக்கட்டும்.

முதல் வாரம்: வாளியும் சொம்பும்

அக்கா மகனுக்கு நான் கொடுத்தது ஒரு வாளி, ஒரு சொம்பு, அவ்வளவுதான்.

வழக்கம்போலக் குளித்து முடியுங்கள். வெந்நீரில் குளிப்பவரானால் வெந்நீரிலேயே. அப்புறம் குளிர்ந்த நீரை முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், தொடையில் ஊற்றுங்கள். அடுத்து கைகள். அதற்குப் பிறகு வயிறு, நெஞ்சு, தோள். முதுகு கடைசிக்கு முந்தி, தலை கடைசி. முதுகிலும் நெஞ்சிலும் படும்போதுதான் மூச்சு அதிகமாகத் திணறும்; அதனால்தான் இந்த வரிசை. எங்கள் ஆச்சி ஆற்றில் இறங்கினால் காலை நனைத்து, கையை நனைத்து, நெஞ்சில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துவிட்டுத்தான் முங்குவாள். ஏன் என்று கேட்டால் "தண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான் எறங்கணும்" என்பாள். யார் யாரிடம் சொல்வது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு.

நெஞ்சில் ஊற்றுகிற நேரம்தான் பாடத்தின் மையம். மூச்சு உள்ளே போகத் துடிக்கும். நீங்கள் வெளியே விடுங்கள். வாயைக் குவித்து, நீளமாக, மெதுவாக. நான் முதல் தடவை மாலை போட்டபோது குருசாமி பக்கத்துக் கிணற்றடியில் நின்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சாமி, மூச்சப் பிடிக்காதீய! சரணம் சொல்லிக்கிட்டே ஊத்துங்க!" சரணம் விளிக்க வேண்டுமானால் மூச்சு வெளியே போயே ஆக வேண்டும். 'சாமியே' என்று இழுக்கிற இழுப்பில் திணறலுக்கு இடமே இல்லை. பக்திக்காகச் சொன்னாரோ, அனுபவத்தில் கண்டதோ, ஒரு உடலியல் பாடத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். பேரருவிக்குக் கீழே நிற்கிற கூட்டம் 'ஓ'வென்று கத்துவதிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. அச்சன்கோவில், ஆரியங்காவு வழியாக மலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் பிடித்த பாட்டைப் பாடுங்கள். எந்தச் சத்தமானாலும் சரி, காற்று வெளியே போனால் போதும்.

எத்தனை நொடி? மூச்சு தானாக அடங்கி, நிதானமாகப் பேச முடிகிற வரை. முதல் நாள் அதற்கு ஒரு நிமிடம் பிடிக்கலாம். ஐந்தாம் நாள் பதினைந்து நொடி. அடங்கியதும் இன்னும் அரை நிமிடம் ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். நேரத்தைக் கூட்டுவதைவிட, அடங்குவதற்கு எடுக்கும் நேரம் குறைகிறதா என்று கவனியுங்கள். பையன் முதல் நாள் ஸ்டாப்வாட்சோடு வந்தான். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "உன் பேரையும் ஊர் பேரையும் திக்காமச் சொல்லு, அப்ப நிறுத்து" என்றேன். முதல் நாள் 'செங்கோட்டை'யில் 'செ'யோடு நின்றுவிட்டான்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். விம் ஹாஃப் என்ற டச்சுக்காரர் பெயரில் ஒரு வேகமூச்சுப் பயிற்சி பரவியிருக்கிறது. அதைத் தண்ணீருக்குள் நின்றோ, முங்குவதற்கு முன்போ செய்யவே கூடாது. வேகமாக மூச்சை ஊதி ஊதி ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிட்டால், மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலே வராமல் நினைவு தப்பும். தரையில் தப்பினால் ஒரு வீக்கம். தண்ணீரில் தப்பினால் பிழைப்பது அரிது.

இரண்டாம் கட்டம்: அருவி

ஆனி, ஆடி, ஆவணியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும்போது, குற்றாலத்தைவிட நல்ல இடம் இதற்குக் கிடையாது. பேரருவியில் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து வருகிறது. அப்படியும் கழுத்தில் வாங்காதீர்கள். தோளைக் காட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி, சுவர்ப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் ஓரத்தில் தெறிக்கிற தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். புதியவர்களுக்குப் புலியருவி சாது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு எந்த அருவியிலும் போடக் கூடாது, தடை இருக்கிறது. எண்ணெய் தேய்த்த பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் கதை ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

எல்லையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் பாலருவிக்குப் போனால் கூட்டம் குறைவு. டிக்கெட் வாங்கிக்கொண்டு வனத்துறை வண்டியில் உள்ளே போக வேண்டும். கீழே இருக்கிற குளத்தில் ஆழம் தெரியாமல் குதிக்காதீர்கள். முகம் திடீரென்று குளிர்ந்த நீருக்குள் போனால் இதயத் துடிப்பை மெதுவாக்குகிற ஒரு அனிச்சைச் செயல் கிளம்பும். உடம்பில் பட்ட குளிரோ துடிப்பை வேகமாக்கப் பார்க்கும். இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் போனால் சில இதயங்கள் குழம்பிவிடும். நடந்து இறங்குகிறவருக்கு இந்த ஆபத்து குறைவு.

மழை இங்கே இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்யும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, போலீஸ் விசில் ஊதும் வரை காத்திராமல் வெளியே வந்துவிடுங்கள். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்று தடை போட்டிருந்தால், அன்றைக்கு வாளியே போதும்.

அப்புறம் ஐஸ்

ஒரு மாதம் இதெல்லாம் ஆன பிறகும் ஆசை இருந்தால் ஐஸுக்கு வரலாம். கணக்கு இதுதான்: 27 டிகிரியில் இருக்கிற 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டரை கிலோ ஐஸ் வேண்டும். 150 லிட்டருக்கு இருபது கிலோவை நெருங்கும். முதலில் வாளி ஐஸ் தண்ணீரைச் சொம்பால் ஊற்றிப் பாருங்கள். டிரம்மில் இறங்குவதானால் 20 டிகிரியில் ஆரம்பித்து வாரத்துக்கு ஓரிரு டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள். 15 வந்ததும் இரண்டு நிமிடம் போதும். அதற்குக் கீழே போவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை. தனியாக இறங்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அவர் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா, நடுக்கம் நிற்காமல் குலுக்குகிறதா, உடனே வெளியே.

சரி, ஸ்கூட்டர் கதை. 120 லிட்டரில் முப்பது கிலோ ஐஸ் போட்டேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்தாறு டிகிரி வருகிறது. எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முதல் நிமிடம் நரகம், பிறகு சுகம். அந்தச் சுகம்தான் ஏமாற்றியது. எழுந்து துடைத்துக்கொண்டபோது ஒரு வீரன் மாதிரி இருந்தது. அரை ஈர பனியனோடு சாரல் காற்றில் ஸ்கூட்டரை எடுத்தேன், கடையில் டீ குடிக்க. கால் கிலோமீட்டர் போவதற்குள் தாடை தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. முக்கில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடி என்று மூளை சொல்கிறது, விரல் மடங்கவில்லை. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. சுவருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு மூன்று தையல்.

நடந்தது இதுதான். தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் பத்து இருபது நிமிடம் உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். கைகால்களில் குளிர்ந்து கிடந்த தசையும் ரத்தமும் உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும். அதோடு தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு காற்றில் போனால் குளியல் முடியவே இல்லை என்று அர்த்தம். அதனால் வெளியே வந்ததும் முதல் வேலை ஈரத்தை முழுதாகத் துடைத்து, காய்ந்த உடுப்பு போட்டு, தலையைத் துவட்டுவது. பிறகு அங்கேயே பத்து நிமிடம் நடை, கையை வீசிக்கொண்டு. ரொம்ப நடுங்கினால் போர்வை. உடனே கொதிக்கிற வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்தால் தலை சுற்றி விழலாம். சுக்குக் காப்பி குடியுங்கள். சுக்கு உள்வெப்பத்தை ஏற்றுகிறதா என்று கேட்டால் எனக்கு வாதாடத் தெரியாது, சூடான டம்ளரைப் பிடிக்கிற கைக்கு அது நல்லது. விரல்கள் சட்டைப் பொத்தானைப் போடுகிற நிலைக்கு வந்த பிறகுதான் வண்டிச் சாவியைத் தொடுங்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டம், கபடி, பந்து விளையாடி உடம்பு வலிக்கும்போது குளிர்நீர் வலியைக் குறைக்கிறது. ஆனால் எடை தூக்கிய கையோடு ஐஸில் இறங்கினால் தசை வளர்வது குறைகிறது. 2015இல் வெளியான பன்னிரண்டு வார ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பத்து நிமிடம் 10 டிகிரி நீரில் இருந்தவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்கள் அளவுக்குக் கூடவில்லை. காலையில் குளியல், மாலையில் ஜிம் என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது. ராத்திரி படுக்கப் போகும் முன்பு வேண்டாம், விழித்துக்கொண்டு கிடப்பீர்கள்.

பையன் ஏழாம் நாள் பேரையும் ஊரையும் தாண்டி, தெரு, தாலுகா, பின்கோடு வரை சொல்லிக்கொண்டே ஊற்றினான். பெங்களூருக்குக் கிளம்பும்போது டிரம்மைப் பற்றிக் கேட்கவில்லை. சொம்பு ஒன்று பித்தளையில் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். நீல டிரம் கொல்லையில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாட்டுக்கு அதில்தான் கழுநீர் ஊற்றுகிறோம்.